கூரை கண்ட கலைஞர் ஜெஃப்ரி பாவா

நம் விடுதியின் மேல்மாடியில் ஒரு சித்திரை மாதத்து இரவைக் கழித்த நண்பர்களுக்கு இக்கட்டுரையின் முன்னுரை தேவைப்படாது. பகலெல்லாம் வெயிலை விழுங்கிய தட்டைக் கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்குமேல் அதை நம் தலைமீது உமிழத் தொடங்குகிறது. இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் அதன் காரணத்தை நான் அறிவேன். அறிந்ததனால் வியர்வை குறைந்தபாடில்லை. அத்தகைய ஓர் இரவில், உறக்கம் வாராமல், நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த பெரியதொரு படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கூரைகள். ஓடு வேய்ந்து, தாழ இறங்கி, நிழலைத் தரையில் பாய்போல் விரித்த கூரைகள். அவற்றின் கீழே சுவர்கள் இருந்தனவா என்பதே ஐயம். இலங்கைத் தீவின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயரை நான் முதன்முதல் அறிந்தது அன்றுதான்.

அவரைப்பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பாயி அதே தீவில் பிறந்தவர். வேறொரு கூரையின் கீழே பிறந்தவர். அக்கதை பின்னால் வரும்.

பாவா 1919ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாவா பேரும் பொருளும் ஈட்டிய வழக்கறிஞர். முஸ்லிம் குருதியும் ஆங்கிலக் குருதியும் கலந்தவர். தாயார் பெர்த்தா வழியிலோ ஜெர்மானியர், ஸ்காத்லாந்தியர், சிங்களவர் என மூன்று கிளைகள். இதை வம்புக்காகக் குறிப்பிடவில்லை. அத்தீவில் யார் மண்ணுக்கு உரியவர், யார் வந்தேறி என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கில் இம்மனிதரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று எவராலும் எளிதில் சொல்லியிருக்க முடியாது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பத்தாண்டு மூத்தவரான அண்ணன் பெவிஸ், பின்னாளில் தோட்டக் கலையில் பெயர் பெற்றவர்.

இளைஞர் பாவாவைப் பார்த்தவர்கள் எவரும் இவர் கட்டடம் கட்டுவார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கொழும்பு ராயல் கல்லூரியில் படித்துவிட்டு, 1938இல் கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் பயின்றார். பிறகு இலண்டனில் சட்டம். 1944இல் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பி வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார், மனம் ஒன்றவில்லை. 1946இல் தாயார் மறைந்தார். அதோடு வேலையை உதறிவிட்டுக் கிழக்காசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று ஏறக்குறைய இரண்டாண்டு அலைந்தார். இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் நினைத்தார். அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இத்தாலியில் ஒரு பணக்காரர் கூடியிருப்பார்; இலங்கைக்கு ஒரு கலைஞர் குறைந்திருப்பார்.

1948இல் தாயகம் திரும்பி, தென்மேற்குக் கடற்கரையில் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரியை ஒட்டிய பழைய இரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கினார். லுணுகங்க என்பது அதன் பெயர். சிங்களத்தில் உப்பாறு என்று பொருள். டச்சுக்காரர் காலத்தில் அங்கே கறுவாப்பட்டை விளைந்ததாம். இத்தாலியில் கிடைக்காத தோட்டத்தை இங்கே சமைத்துவிடலாம் என்பது அவர் ஆசை.

அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர் பல இலட்சம் பேர் அச்சட்டத்தினால் நாடற்றவர் ஆயினர். அட்டன் பக்கத்து லயம் ஒன்றில் இருந்த என் அப்பாயியின் பெற்றோரும் அவர்களுள் அடக்கம். ஒருவர் தம் தீவைக் கண்டுகொண்ட ஆண்டில் இன்னொருவர் அதை இழந்தனர். இதில் பாவாவின் பிழை எள்ளளவும் இல்லை. ஆயினும் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது நான் புத்தகத்தைச் சற்று மூடிவைத்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோட்டம் வாங்கிய பின்னரே பாவாவுக்குத் தம் அறியாமை புலப்பட்டது. மேட்டை எங்கே வெட்டுவது, மண்சரியாமல் எப்படி நிறுத்துவது, வீட்டு வாயிலை எத்திசைக்கு மாற்றுவது என்று ஆசை ஒன்று சொல்ல, கை ஒன்று செய்தது. கற்றுக்கொள்ளத் துணிந்தார். 1951இல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்னும் கட்டடக் கலை நிறுவனத்தில் எஞ்சியிருந்த ஒரே பங்காளரான ரீட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீட் காலமானார். பாவா மீண்டும் இலண்டன் சென்று, தம்மினும் பத்துப் பதினைந்து வயது இளைய பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து படித்து, 1957இல் தகுதி பெற்றார். அப்போது வயது 38. இருபத்து மூன்று வயதில் ஆய்வுத் தலைப்புக் கிடைக்கவில்லையே என்று நெஞ்சுலர்ந்து திரியும் என் போன்றோர் இவ்வெண்ணை அறைச்சுவரில் எழுதிவைத்துக் கொள்ளலாம். (அவருக்குச் சொத்து இருந்தது, நமக்கு உதவித்தொகையும் மூன்று மாதம் பிந்தி வருகிறது என்பது வேறு கதை.)

அக்காலத்தில் உலகெங்கும் நவீனக் கட்டடக் கலை என்றால் வெள்ளைப் பெட்டி, தட்டைத் தளம், அகன்ற கண்ணாடி என்றே பொருள். வெயில் அரிதான நாட்டில், கண்ணாடி வழியே கதிரவனை உள்ளே அழைப்பது அறிவுடைமை. இலங்கையின் தென்மேற்கிலோ ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வெள்ளைச் சுவர் இரண்டு பருவமழைக்குள் பாசி படிந்து கறுத்துவிடும். தட்டைத் தளத்தில் நீர் தேங்கிக் கசியும். பாவாவும் தொடக்கத்தில் வெள்ளைக் கட்டடங்கள் கட்டியவர்தாம். தீவின் மழை அவருக்கு இரண்டாம் பள்ளிக்கூடமாயிற்று.

இங்கே சற்று அறிவியல் பேச நண்பர்கள் இசைவு தரவேண்டும். நாம் இருக்கும் வடபுலத்தில் பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் இடையே பெருவேறுபாடு உண்டு. ஆகவே பருத்த சுவர் பகலில் சூட்டைத் தாமதப்படுத்தி நமக்கு உதவுகிறது. கொழும்பு போன்ற கடலோர ஊரிலோ இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே புழுக்கம். காற்றில் ஈரம் மிகுதி. அங்கே பருத்த சுவர் பெரும்பயன் தராது. உடல் குளிர வேண்டுமானால் வியர்வை உலர வேண்டும். வியர்வை உலரக் காற்று ஓடவேண்டும். ஆக, அத்தீவில் வீடு என்பதற்கு வேண்டியவை இரண்டே: வெயிலையும் மழையையும் தடுக்கும் பெரிய கூரை ஒன்று, காற்றைத் தடுக்காத சுவர்கள். இவ்வுண்மையைப் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனாரும் தச்சரும் நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். பாவா அவர்களிடம் திரும்பிச் சென்றார்.

பழைய நாட்டோட்டுக் கூரையில் ஒரு குறை உண்டு. அரைவட்ட ஓடுகளைக் கீழடுக்கு, மேலடுக்கு என்று அடுக்கியிருப்பார்கள். காக்கையோ குரங்கோ ஓர் ஓட்டை நகர்த்திவிட்டால் போதும், அடுத்த மழையில் வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். மலிவாகக் கிடைத்த நெளிவுள்ள கல்நார்ச் சிமெண்டுத் தகடோ ஒழுகாது. ஆனால் கண்ணுக்கு அழகில்லை, வெயிலில் அடுப்பாகிவிடும். பாவாவின் பணிமனை இவ்விரண்டையும் மணமுடித்து வைத்தது. கீழே நெளிவுத் தகடு, அந்நெளிவுகளின்மேல் பொருந்தும்படி அரைவட்ட ஓடு. ஓடு நகர்ந்தாலும் தகடு நீரைத் தள்ளிவிடும்; தகடு சுடாதபடி ஓடு நிழல் தரும்; இரண்டுக்கும் இடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கீழே விடாது. கல்நார் நுரையீரலுக்குக் கேடு என்பதை இன்று நாம் அறிவோம். அன்று அவர் கையில் இருந்தது அதுவே. புலமை காட்டும் கண்டுபிடிப்பு என்று இதை எவரும் பாராட்டமாட்டார்கள். எனக்கோ அவருடைய புகழ்பெற்ற மாளிகைகள் அனைத்தினும் இவ்வெளிய கூரையே பெரிதாகத் தோன்றுகிறது.

அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மின்னெட் டி சில்வா என்னும் அம்மையார், பம்பாயில் கல்வி தொடங்கியவர், 1949க்கும் 1951க்கும் இடையே கண்டியில் கருணாரத்ன இல்லத்தைக் கட்டினார். நவீன அமைப்பில் கிராமத்துக் கைவினையை இணைத்த வீடு அது. எல்லாப் புகழையும் பாவாவுக்கே படைத்துவிடும் வழக்கம் நேர்மையானதன்று. அவ்வம்மையாரிடம் பணிபுரியவே டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்னும் இளைஞர் இலங்கை வந்தார். 1959இல் அவர் பாவாவோடு சேர்ந்தார். பழைய வீடுகளையும் விகாரைகளையும் அளந்து வரைந்து பாடம் படித்த அவர், பாவாவுக்கு ஏறக்குறைய எட்டாண்டு வலக்கையாய் விளங்கினார்.

1960க்கும் 1962க்கும் இடையே கொழும்பில் எனா டி சில்வா என்னும் துணிக்கலைஞருக்குக் கட்டிய வீடு அக்கூட்டுறவின் கனி. பரந்த நிலத்தின் நடுவே நாற்புறமும் சன்னல் வைத்து நிற்பது ஆங்கிலேயர் பங்களா. நகரம் நெருங்கிவிட்ட பின் சிறிய மனையில் அதைக் கட்டினால் அண்டைவீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அமர வேண்டும். பாவா வீட்டைத் திருப்பிப் போட்டார். தெருவுக்கு மதிற்சுவர், வீட்டின் கண் உள்ளே முற்றத்தை நோக்கும். முற்றத்தில் மரம், சுற்றிலும் தாழ்வாரம், தூண்கள், மேலே ஓடு. படத்தைப் பார்த்ததும் தஞ்சைப் பக்கத்து நண்பர் ஒருவர், இது எங்கள் தாத்தா வீடு அல்லவா என்று வியந்தார். சரிதான், ஆனால் அறைக்கும் அறைக்கும் இடையே கதவில்லாமல் பார்வை ஓடுவதும், வேண்டாத வேலைப்பாடு ஒன்றுகூட இல்லாமையும் நவீனர்களிடம் அவர் கற்றவை. பாவா மறைந்து சில ஆண்டுகளுக்குப்பின் அவ்வீடு விலைபோனபோது, கல்லுக்குக் கல் எண்ணிட்டுப் பிரித்து லுணுகங்கவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எழுப்பினார்கள்.

1960களில் அந்நாட்டு அரசு இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. எஃகும் கண்ணாடியும் அருகின. பலர் புலம்பினர். பாவா கருங்கல், செங்கல், தென்னை, சுண்ணாம்பு என்று கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டார். பொலொன்தலாவையில் தோட்ட மேலாளருக்காகக் கட்டிய இல்லத்தில், ஆங்கே கிடந்த யானைப் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்காமல் பாறைக்கும் பாறைக்கும் நடுவே உத்திரம் போட்டுக் கூரை வேய்ந்தார். இடத்தில் நின்று, முளையடித்து, கயிறு கட்டிப் பார்த்துத் திட்டமிடுவது அவர் வழக்கம். அவர் பணிமனை வரைபடங்களில் மரங்களை இலை இலையாக வரைந்திருப்பார்கள். மரமும் கட்டடத்தின் உறுப்பென்று அவர் கருதினார். தம் கலையைப்பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையால் ஆளை அளக்கும் இக்காலத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்குமோ, தெரியாது!

பிளெஸ்னர் சென்றபின், 1967 முதல் அவருடைய பங்காளராக இருந்தவர் பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியாளர். கலைஞர் கனவு காணும்போது உத்திரம் தாங்குமா என்று கணக்கிடும் ஒருவர் வேண்டுமன்றோ? ஏறக்குறைய இருபதாண்டு அக்கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. 1969இல் முடிந்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதி, அத்தீவின் சுற்றுலா விடுதிகளுக்கெல்லாம் தாயானது. 1970களில் தமிழகத்திலும் அவர் கைவண்ணம் பதிந்தது: மதுரைக் கிளப் 1974இல் முடிந்தது; சென்னைக் கன்னிமாரா ஓட்டலின் சீரமைப்பும் அக்காலத்ததே.

1979இல் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தன நாட்டுக்குப் புதிய நாடாளுமன்றம் கட்டும் பணியை அவரிடம் அளித்தார். இடம் கொழும்பை அடுத்த கோட்டை. பதினைந்தாம் நூற்றாண்டுத் தலைநகர். பாவா அங்கிருந்த சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கி, நடுவே ஒரு தீவை விட்டு, அதன்மேல் மன்றத்தை எழுப்பத் திட்டமிட்டார். தீவுக்குள் ஒரு தீவு! செப்புத் தகட்டுக் கூரைகள் ஒன்றையொன்று தழுவி நீரில் மிதப்பதுபோல் தோன்றும். நடுக்கூரை மிகப் பெரிது. சுற்றிலும் சிறு மண்டபங்கள். கண்டி மரபு என்பார் சிலர், தென்னிந்திய மண்டபம் என்பார் சிலர், நவீனக் கான்கிரீட் என்பார் சிலர். மூன்றும் சரி. ஜப்பானிய நிறுவனம் ஒன்று கட்டிமுடிக்க, 1982 ஏப்ரல் 29ஆம் நாள் திறப்புவிழா நடந்தது.

அம்மன்றத்தில் ஆளும் வரிசைக்கு எதிர்வரிசையில் தலைமை இருக்கையில் அமர்ந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம். தமிழர் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவர். எல்லா மரபையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்திய கட்டடத்துக்கு அது பொருத்தமான காட்சியே. அக்காட்சி ஓராண்டுக்கும் சற்று மேலாகவே நீடித்தது. 1983 ஜூலை 24ஆம் நாள் இரவு, பாவாவின் அறுபத்து நான்காம் பிறந்தநாளுக்கு மறுநாள், கொழும்பில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கின. ஆகஸ்டில் ஆறாம் அரசியல் திருத்தம் வந்தது. அது கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் தம் இருக்கைகளை இழந்தனர். செப்புக் கூரையில் களிம்பு ஏறுமுன்னரே அவ்வரிசை வெறுமையாயிற்று.

இதை நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். கட்டடம் மனிதரைச் சேர்த்து வைக்கும் என்று எண்ணுவது கலைஞர்களின் பேராசையோ? அம்மன்றத்தின் அழகைக் குறைத்துப் பேச என் தமிழ் நெஞ்சு எத்தனையோ முறை முயன்றது, கண் ஒத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் மாத்தறையில் உருகுணைப் பல்கலைக்கழகத்தைக் குன்றுகளின்மேல் ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களாகச் சிதறவிட்டு, நிழல்நடைகளால் இணைத்தார். 1988இல் முடிந்தது. வகுப்புக்கு வகுப்பு வெயிலில் ஓடும் நாம் பொறாமைப்படலாம். 1991இல் தொடங்கி 1994இல் முடிந்த கண்டலாமை விடுதியில் அவர் தம் பழக்கத்தையே மீறினார். சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டச் சொன்னார்கள்; வேண்டாமென்று தொலைவில் ஒரு பாறைச்சரிவைத் தேர்ந்தார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடம். ஓடு இல்லை, தட்டைத் தளம்தான். ஆனால் அதன்மேல் மண்ணும் செடியும். தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியதால் மழைநீர் கீழே தன் வழியில் ஓடுகிறது. கொடிகள் மூடியபின் எது மலை, எது கட்டடம் என்று பிரித்தறிய முடியாது. வழிபாட்டிடத்துக்கும் நீருக்கும் கேடென்று அப்பகுதியில் கிளர்ச்சியும் நடந்தது. அதையும் சொல்வதே முறை.

1998இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சும் நடமாட்டமும் இழந்தார். 2001இல் ஆகா கான் விருதுக்குழு அவர் வாழ்நாள் பணிக்குத் தலைவர் விருது வழங்கியது. 2003 மே 27ஆம் நாள் மறைந்தார். லுணுகங்கவின் கறுவாக் குன்றில் அவர் உடலுக்கு எரியூட்டினர்.

சென்ற டிசம்பரில் அப்பா, தம் தாய் பிறந்த லயத்தை ஒருமுறை காட்டிவிட வேண்டுமென்று அப்பாயியை இலங்கைக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன்போனேன். சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தப்படி 1974இல் கப்பலேறி இராமேசுவரம் வந்து, கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய அப்பாயிக்கு, ஐம்பது ஆண்டுக்குப்பின் அதுவே முதற் பயணம். வழியில் பெந்தோட்டை போகலாம் என்று நான் அடம்பிடித்தேன்.

லுணுகங்கவில் பாவா ஐம்பதாண்டு செதுக்கிய தோட்டம் இருக்கிறது. ஏரி தெரிய வேண்டுமென்று குன்றின் தலையை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். பொதுப்பாதை கண்ணில் படாதபடி அதைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார். அலரிமரக் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய பக்கம் வளைத்திருக்கிறார். எல்லாம் தானாக அமைந்தது போலிருக்கும். நான் வாய்பிளந்து நின்றேன். அப்பாயி புல்தரையைக் குனிந்து பார்த்து, களைபிடுங்க எத்தனை ஆள், நாட்சம்பளம் எவ்வளவு என்று என்னைக் கேட்டார். சுற்றிக்காட்டியவரிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாயிருந்தது. பிறகு தாழ்வாரத்து நிழலில் அமர்ந்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தகட்டின்மேல் ஓடு என்று விளக்கினேன். காற்று நன்றாக வருகிறது என்றார். அங்கிருந்து எழுப்புவதற்கு அரைமணி ஆயிற்று.

மூன்றாம் நாள் அட்டன் பக்கம் போனோம். லயம் இருந்தது. அப்பாயி பிறந்த காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம். எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு சன்னல், மேலே துருவேறிய தகரம், காற்றில் பறக்காதிருக்கத் தகரத்தின்மேல் கற்கள். வெயிலில் கொதிக்கும், பனியில் சொட்டும் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். அப்பாயி கைதொட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரியவர் வீட்டிலே செய்தாற்போல இந்தத் தகரத்தின்மேலும் ஓடு போட முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

கட்டைகளின் கனத்தையும் இடைவெளியையும் கையால் அளந்து குறித்துக்கொண்டேன். விடுதிக்குத் திரும்பியபின் கணக்கிட்டேன். அந்தக் கட்டைகள் தாங்கா. முதலில் கட்டைகளை மாற்ற வேண்டும். அப்பாயிக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன். கட்டைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்.